ஆட்டி எடுத்த படம்

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. காலை முதல் சாரல். பிற்பகலில் சாரல் நின்று மூடுபனி இறங்கியது.

மலைமேல் உள்ள செம்மேட்டுக்கு அப்பால், மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் தோப்பின் ஓரத்தில் மேகலா ஜீப்பை நிறுத்தினாள்.

இடப்பக்க இருக்கையில் அவளுடைய கணவன் ஜீவா அமர்ந்திருந்தான். பதினெட்டு ஆண்டுகள் வலப்பக்க இருக்கையில் அமர்ந்து, இம்மலையின் வளைவுகளில் இதே ஜீப்பை ஓட்டியவன் அவன்.

கண் நரம்பு தேய்கிறது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று ஆடி மாதத்தில் மருத்துவர் கூறிவிட்டார். ஜீவா அதை ஏற்கவில்லை. நாள்தோறும் சாவியைக் கேட்டான்.

மேகலா தங்கும் விடுதிகளின் சுவர்களுக்கு இயற்கைக் காட்சிப் படங்கள் எடுத்துத் தருபவள். படம் பதிவாகும்போது கேமராவை வேண்டுமென்றே மேலிருந்து கீழாக அசைப்பாள். அதற்காக, ஒளியை உள்ளே விடும் ஷட்டர் உடனே மூடாமல் ஒரு வினாடி திறந்திருக்கும். மரங்கள் வடிவிழந்து நெடிய வண்ணக் கோடுகளாக மாறும்.

"நல்லா நிக்கற மரத்தப் போயி ஆட்டி எடுக்கறியே புள்ள! நான் ஓட்டறப்ப வண்டியிலிருந்து எடுத்தாப் போதாதா?" என்று ஜீவா சிரித்தான்.

"ஒரே ஒரு படம் எடுக்கறனுங்க மாமா. ஆட்டி எடுத்தனா, ஆட்டாம எடுத்தனான்னு பார்த்துச் சொல்லீட்டீங்கன்னா சாவி உங்களுக்குத்தான்."

அவள் இறங்கி, ஜீப்பின் பின்புறம் நின்று படம் எடுத்தாள். கேமராவின் திரையில் படம் தோன்றியதும் அவன் பக்கம் வந்து கையில் கொடுத்தாள்.

ஜீவா அதை முகத்தருகே கொண்டு சென்று நெடுநேரம் நோக்கினான்.

மேகலா மூச்சை அடக்கி நின்றாள்.

"ஆட்டித்தான் எடுத்திருக்கற."

சரியான விடை.

அவளுடைய கை தானாகவே சாவியை நீட்டியது. ஆடிக்குப் பின் அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"பனிக்குள்ள பச்சைக் கோடு ஒவ்வொண்ணும் என்ன அழகு!" என்று அவன் கேமராவை நோக்கி வியந்துகொண்டிருந்தான்.

அந்த அழகைத் தானும் காண அவள் குனிந்தாள்.

திரை கருமையாக இருந்தது.

சில வினாடிகளில் தானாகவே அணைந்துவிடும் திரை அது. அவன் விடை கூறுவதற்கு வெகு முன்பே அணைந்திருந்தது.

ஷட்டர் மூடும் 'க்ளிக்' ஒலி ஒரு வினாடி தாமதித்ததை அவனுடைய காது மட்டும் அறிந்திருந்தது.

சாவிக்காக அவன் நீட்டிய கை, சாவி இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் விலகி, வெறுங்காற்றில் விரிந்திருந்தது.

அவள் சுற்றி நடந்து, வலப்பக்கம் ஏறி, வண்டியைக் கிளப்பினாள்.

எஞ்சின் ஒலி கேட்டதும் ஜீவா விரித்த கையை மெல்ல மூடிக்கொண்டான்.

அப்போது மாலை மணி நான்கு நாற்பத்திரண்டு.