மூன்றாவது வரி

கரும்பலகையில் அவளுடைய அம்மா இருந்தாள்.

இரண்டே வரி. வெள்ளைச் சாக்பீஸ். மிஸ்ஸின் உருண்டையான கையெழுத்து.

குப்ப வண்டி வருது பார்
தப்பி ஓடு நாறும் பார்

ஏழாம் வகுப்பு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். அது வேறு சிரிப்பு. நல்ல எதுகை கிடைத்த சந்தோஷம்.

மிஸ் இந்த ஊருக்குப் புதிது. வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. புத்தகப் பாட்டு வேண்டாம், உங்கள் தெருவில் பாடுவதைச் சொல்லுங்கள், அதிலேயே எதுகையும் மோனையும் இருக்கும், நான் காட்டுகிறேன் என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

விஷ்ணுவர்தன் எழுந்து சொன்னான்.

"எங்க ஊரு ஸ்பெஷல் மிஸ்."

தினமும் காலையில் பாடுவதுதான். பேரூராட்சிக் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு, விசில் ஊதியபடி அம்மா தெருத்தெருவாக வருவாள். பின்னாலேயே இந்தப் பயல்கள் பாடிக்கொண்டு வருவார்கள். அம்மா திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் மகளோடு படிக்கிற பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். தெரியாத மாதிரியே தள்ளிக்கொண்டு போவாள்.

"ரெண்டாம் எழுத்து ஒண்ணு போல வந்தா எதுகை. எங்க, யாரு வந்து கோடு போடுறீங்க?"

ஒரு கையும் எழவில்லை.

"தமயந்தி, நீ வா. நீதான் டக்குனு சொல்லுவ."

"ஆமா மிஸ், அவள கூப்பிடுங்க. அவளுக்கு இந்தப் பாட்டு நல்லாத் தெரியும்."

விஷ்ணுவர்தன்தான். பின் பெஞ்சு குலுங்கியது.

இந்த ஒரு வாரமாகத்தான் பள்ளிக்கூடத்தில் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. மிஸ் வாயில் அது முழுசாக வந்தது. அதற்கு முன்னால் எல்லோருக்கும் அவள் 'ஏய்'. இல்லாவிட்டால் 'அந்தப் புள்ள'.

சொல்லிவிடலாம். இது எங்கம்மா, மிஸ்.

சொன்னால் மிஸ்ஸுக்கும் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்தப் பெயர் இதே மாதிரி வருமா?

சொல்லவில்லை.

எழுந்து போனாள். மேல் வரியின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு. கீழ் வரியில் ஒரு கோடு. எதுகை.

கேட்காமலேயே 'வண்டி', 'வருது' இரண்டின் முதல் எழுத்தையும் வட்டமிட்டாள். மோனை.

கடைசியில் நின்ற இரண்டு 'பார்'. அதற்கும் வட்டம். இயைபு.

ஒன்றும் தப்பவில்லை.

"எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். அந்த வகுப்பில் யாருக்கும் அவ்வளவு பலமாகத் தட்டியதில்லை. சிலர் பெஞ்சிலும் தட்டினார்கள்.

நாறும் பார்.

அம்மா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே குளித்துவிடுவாள். பிழிந்த எலுமிச்சை மூடியால் நகக்கண்களைத் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்து நகத்தைச் சுற்றித் தோல் வெந்து கிடக்கும். அப்படியும் சோற்றில் கை படாது. மகளுக்குக் கரண்டியால்தான் போடுவாள்.

மிஸ்ஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இதே எதுகைல மூணாவது வரி ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம். குப்ப... தப்பி... அடுத்து?"

சாக்பீஸ் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

திரும்பி நின்று எழுதினாள்.

அப்பா இல்ல அம்மா பார்

"அடடா!" மிஸ் சத்தமாகவே வாசித்தார். "எதுகை இருக்கு. மோனை இருக்கு. இயைபும் இருக்கு. என்ன, மேல உள்ள வரியோட அர்த்தம்தான் ஒட்டல."

யாரும் சிரிக்கவில்லை.

அர்த்தம் அந்த அறையில் மிஸ்ஸைத் தவிர எல்லோருக்கும் தெரியும். போன வருஷம், பஸ் ஸ்டாண்டு கழிப்பறைத் தொட்டிக்குள் இறங்கிய அவள் அப்பா ஏறி வரவில்லை. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்று பார்த்தது. பிறகு அம்மா கையில் வண்டியைக் கொடுத்தார்கள். அதற்கு உதவி என்று பெயர் வைத்தார்கள்.

வெளியே விசில் கேட்டது.

வண்டி பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டது.

வகுப்பே திரும்பியது. ஜன்னல் பக்கம் இல்லை. அவள் பக்கம்.

மிஸ் அந்தக் கண்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். உதட்டில் இருந்த சிரிப்பு, போக இடமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

டஸ்டரை எடுத்தார். முதல் இரண்டு வரிகளையும் அழித்தார். அழிந்த பிறகும் அதே இடத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

மூன்றாவது வரியில் கை வைக்கவில்லை.

அது தனியாக நின்றது. இப்போது அதற்கு எதுகையும் இல்லை, இயைபும் இல்லை.

மறுபடி விசில்.

மிஸ் அவளைப் பார்க்காமல் சொன்னார். குரல் ரொம்ப இறங்கியிருந்தது.

"நீ போய் உக்காரும்மா."

அவள் நகரவில்லை.

மிஸ் பெயரையும் சேர்த்துச் சொல்வார் என்று, சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாள்.