கழற்றிய காபரேட்டர்

“காபரேட்டரைக் கழட்டிட்டு ஜெர்மன் பெட்ரோல் இன்ஜெக்ஷன் பூட்டியாச்சு. இனி தோட்டத்துத் தொரையோட பழைய கார் சிவனொளிபாதமலைக்கே படியேறும்!” என்று நோர்வூட் கடைத்தெருவே கேட்க அளந்துவிட்டார் மஃறூப் மெக்கானிக்.

“மொதல்ல எதிர் மேட்டை ஏறட்டும் நானா,” என்றான் அழகன். இத்தனை வருஷமாக அந்தக் காரைப் பழுதுபார்த்தவனுக்கு வயிறு எரிந்தது. கழற்றிய காபரேட்டரைக் கேட்டு வாங்கித் தன் பட்டறை மேசையில் வைத்திருந்தான்.

மஃறூப் ஓட்ட, பட்டறைக்கு எதிரே கார் மேடேறத் தொடங்கியது. எதிலும் பூட்டாமல் காய்ந்து கிடந்த காபரேட்டர் புஸ்ஸென்று மூச்சிழுத்தது. அழகன் அதன் வாயை உள்ளங்கையால் பொத்தினான். மேட்டில் கார் இருமி நின்றது. அவன் வயிறு குளிர்ந்தது. கார் பள்ளத்தை நோக்கிப் பின்னால் உருண்டது. பதறிக் கையை எடுத்தான். கார் உறுமி உச்சியேறியது.

திரும்பி வந்த மஃறூப் சிரித்தார். “என்ன தம்பி, ஏறிச்சா இல்லியா?”

பெட்ரோல் சொட்டும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான் அழகன். “ஏறிச்சு நானா.”