மூணு மணி காப்பி

"ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கு என்ன உதவி வேணும்னு கேக்கத்தானே கூப்பிட்டோம்? பன்னெண்டு பேர்ல ஒருத்தர்கூட வரலையே!" என்று அலுத்துக்கொண்டார் பேராசிரியை குன்வோர்.

அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் சிக்ஸ்டன் அந்த அழைப்பை வாசித்தான். 'மூன்று மணிக்கு வாருங்கள். காப்பியும் ஏலக்காய் பன்னும் சாப்பிட்டபடி எல்லோரும் கலகலப்பாகப் பேசலாம்.'

"நான் மாத்தி எழுதட்டுமா?"

"நீயா? ஸ்வீடன்ல பொறந்துட்டு, தினமும் துறையே ஒண்ணா உக்காந்து அரட்டை அடிக்கிற மூணு மணி காப்பிக்கு ஒரு நாள்கூட வராத ஆளு நீ. அவ்வளவு கர்வம்! சரி, எழுதித் தொலை."

எழுதினான். 'யாரும் வர வேண்டாம், பேச வேண்டாம். கேள்விகள் கீழே. பெயர் போடாமல் பதில் எழுதி அனுப்பினால் போதும்.'

வெள்ளிக்கிழமை குன்வோர் பதில்களை எண்ணினார்.

"பன்னெண்டு பேருக்குத்தானே அனுப்பினோம்? பதிமூணு வந்திருக்கே!"

கடைசித் தாளைப் படித்தார். 'இங்கே உங்களுக்கு மிகவும் கஷ்டமானது எது?' என்ற கேள்விக்குக் கீழே, 'துறையின் மூணு மணி காப்பி' என்று இருந்தது.

நிமிர்ந்தார்.

"அது என்னோடது" என்றான் சிக்ஸ்டன், ஜன்னலைப் பார்த்தபடி.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவன் அறை வாசலில் ஒரு கோப்பைக் காப்பியும் ஒரு பன்னும் இருந்தன. கதவை யாரும் தட்டவில்லை.