மேடையில் ஒரு மௌனம்

பார்சிப்பனி என்ற ஊரின் சிறிய நாடக அரங்கில், விளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள், நாடே கொண்டாடும் நடிகை லொரெய்ன் பிக்கெட் வசனத்தின் நடுவில் நின்றுவிடுகிறார். மறந்தால் எடுத்துக்கொடுக்க, பக்கத்திரைக்குப் பின்னால் பிரதியோடு உட்கார்ந்திருக்கிறாள் மாலை நேர நடிப்பு வகுப்பு மாணவி ஷமீமா. மறதி வாட்டும் இந்த வயதில், இவளை நம்பித்தான் அவர் மேடையேறியிருக்கிறார். ஒத்திகையில் ஒருநாள் அவர் வேண்டுமென்றே விட்ட இடைவெளியில் இவள் குறுக்கிட்டுக் காட்சியைக் கெடுத்ததும் உண்டு. "மறந்துட்டாங்களா, ஆக்டிங் பண்றாங்களா?" பக்கத்தில் விளக்குகளை இயக்கும் சேதுராமன் கிசுகிசுக்கிறார். "தெரியலயே அங்கிள்." "உனக்கே தெரியலேன்னா எப்படிம்மா? நான் லைட் போடறவன்." அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை, முன்வரிசையில் யாரோ விசும்புகிறார்கள். நடிகையின் முகம் அசையவில்லை. கட்டைவிரல் மட்டும் அங்கியின் பொத்தானைத் தடவித் தடவி அலைகிறது. எந்த ஒத்திகையிலும் அந்த விரல் அப்படி அலைந்ததில்லை. ஷமீமா அடுத்த சொல்லை மூச்சளவில் அனுப்புகிறாள். நெடுநாள் நெஞ்சில் சுமந்ததைச் சொல்ல இப்போதுதான் துணிந்தவர்போல லொரெய்ன் பேசத் தொடங்குகிறார். காட்சி முடிந்து கைதட்டல் எழும்போது சபையைப் பார்த்துக் குனிகிறார். பிறகு பக்கத்திரைப் பக்கம் திரும்பி, அதைவிடத் தாழக் குனிகிறார்.