ஆறுச்சாமியும் குழுவினரும்

மேடையில் "டாக்டர் ஆறுச்சாமி" என்று கூப்பிட்டதும் எழுந்து நடந்தவர் கலைமதியின் அப்பா.

கலைமதி பாதி எழுந்தபடியே நின்றுவிட்டாள். அவர்கள் கூப்பிட்டது அவளை.

அப்பாவோ வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, சொந்தக் கல்யாணத்துக்குப் போவதுபோல மேடையேறிக்கொண்டிருந்தார்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன கட்டத்தால் வந்த வினை. நானோ தொழில்நுட்ப ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பியபோது, குடும்பப் பெயர் போடாவிட்டால் நகரமாட்டேன் என்று இணையதளம் அடம்பிடித்தது. நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியலில் கிடந்த அப்பாவை இழுத்துப் போட்டாள். அன்றோடு உலகத்துக்கு அவள் ஆறுச்சாமி ஆகிப்போனாள்.

நானூறு கட்டுரைகள் அவள் ஆய்வை மேற்கோள் காட்டிவிட்டன. ஒன்றில்கூடக் கலைமதி இல்லை. 'ஆறுச்சாமியும் குழுவினரும் கண்டறிந்தபடி' என்று ஜப்பான்காரன் எழுதுகிறான், பிரேசில்காரன் எழுதுகிறான். இதழின் மதிப்பையே தூக்கி நிறுத்திய கட்டுரையாம், விருது தர இதழாசிரியரே ஊட்டிக்கு வந்திருந்தார். அழைப்பிதழிலும் அதே பெயர். ஒரு வாரமாகக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

யார் பெயர்? எம்.எஸ்சி. சேருகிறேன் என்றபோது "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று ஹாஸ்டல் ஃபாரத்தில் கையெழுத்துப் போட மறுத்தவர் பெயர். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே தினமும் கோயம்புத்தூர் பஸ்ஸில் மலை இறங்கி ஏறிப் படித்தவள் அவள். என்ன ஆராய்ச்சி என்று ஒரே ஒரு நாள் கேட்டிருப்பாரா மனுஷன்?

பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். இதுவரை எல்லாமே ஈமெயிலில் நடந்ததால் அங்கே யாருக்கும் அவள் முகம் தெரியாது.

பக்கத்தில் அம்மா பங்கஜம் மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

ஆசிரியர் மைக்கை நீட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அப்பா சிரித்தார். அறிவிப்பாளர் பெண் அதையே தமிழில் சொன்னாள்.

"ஓடைத் தண்ணீரில் நீங்கள் கண்டுபிடித்த விஷம் எது, அது எங்கிருந்து வந்தது என்று சபைக்குச் சொல்லுங்கள் ஐயா."

டீ ஃபேக்டரியில் கழித்துப்போடும் தூளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத, ஒளிவிடும் துகள்களைச் செய்திருந்தாள் கலைமதி. அவற்றை வைத்துத் தங்கள் ஊர் ஓடையில் கலந்திருந்த பூச்சிமருந்தைக் காட்டியிருந்தாள். பாட்டில் பாட்டிலாக ஓடைத் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தவள் அம்மா. கேரட் தோட்டங்களுக்கு அந்த மருந்தை விற்பது ஊரில் ஒரே கடைதான். அதன் போர்டிலும் ஆறுச்சாமி பெயர்தான் இருந்தது.

அப்பாவின் சிரிப்பு நின்றது. கூட்டத்தில் மகளைத் தேடினார். வந்து சொல்லு என்று கண்ணாலேயே கூப்பிட்டார்.

அத்தனை ஆத்திரத்திலும், பழக்க தோஷம், கலைமதி ஓரடி எடுத்து வைத்துவிட்டாள்.

அம்மா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு கண்ணு. அவரு பேருதான போட்டிருக்குது, அவரே சொல்லட்டும்."