திறந்த பானெட்

நடுப்பகல் வெயிலில், ஆஸ்திரேலியாவின் தனாமி பாலைவன மண் சாலையின் ஓரத்தில், வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார் கிளெம். இரண்டு பக்கமும் இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது. தூரத்தில் செம்மண் புழுதி கிளம்பியதும் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. காலையில்கூட ஒரு முனகல் இல்லாமல் ஓடி வந்திருந்தது.

மனைவி இறந்த பிறகு அடிலெய்டு நகரத்து வீட்டை விற்று, பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் அவர். இரண்டு வருடமாகச் சாலைதான் வீடு. ஒரு மனிதரோடு பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது. எதிரே வருகிறவர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலை வணக்கமாகத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். பானெட் திறந்திருந்தால் மட்டும் கதை வேறு. அதைப் பார்த்தும் நிற்காமல் போகிறவனை இந்தப் பக்கத்தில் யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை.

அன்றைக்கு நின்றது ஒரு பழைய வேன். அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி, கிரீஸ் படிந்த காக்கிச் சட்டையோடு இறங்கினார்.

“என்னப்பா, மக்கர் பண்ணுதா?”

“ஆமாங்க. திடீர்னு நின்னுடுச்சு.”

“என் பேரு நோலீன். முப்பது வருஷம் மாட்டு லாரி ஓட்டினவ. தள்ளுங்க, பாக்கலாம்.”

கிளெம் அரை மனதாக ஒதுங்கி வழிவிட்டார். வழக்கமாக நிற்கிறவர்களுக்கு எஞ்சினில் எது தலை எது வால் என்று தெரியாது. எட்டிப் பார்ப்பார்கள், தலையைச் சொறிவார்கள், டீ குடிப்பார்கள். பிறகு கிளெம் சாவியைத் திருப்புவார், வண்டி உறுமும், எல்லோரும் ஆச்சரியப்பட்டுக் கை குலுக்கிப் போவார்கள்.

நோலீன் பானெட்டுக்குள் தலையை விட்டு எதையோ தட்டினார், எதையோ நோண்டினார். சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துணியை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு டீ குடிக்கிறீங்களா? பழக் கேக்கும் இருக்கு,” என்றார் கிளெம்.

“இதெல்லாம் கேட்டுக்கிட்டு இருப்பாங்களா?”

கேரவன் நிழலில் மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். மழையில் பதினோரு நாள் சேற்றில் சிக்கி, வெறும் டின் பீட்ரூட்டைத் தின்றே உயிர் பிழைத்த கதையை நோலீன் சொன்னார். மனைவி வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இவரை ஒரு உப்பு ஏரியில் இறக்கிவிட்ட கதையை கிளெம் சொன்னார். டீயில் விழுந்த ஈக்களை எடுத்துப் போட்டுவிட்டு இருவரும் சிரித்தார்கள். கிளெமுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனாலும் ஒருவரை எத்தனை நேரம் பிடித்து வைப்பது? எழுந்து போய், முகத்தில் ஆச்சரியத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் கரகரத்தது. கிளம்பவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும். ஆச்சரியம் தானாகவே முகத்துக்கு வந்துவிட்டது.

“ஐயையோ, என்ன ஆச்சு இதுக்கு?”

“நின்னுடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றார் நோலீன். “பெரிய வேலைப்பா. இன்னிக்கு ஆகாது. நாளைக்குப் பாப்போம். நானும் வேனை இங்கயே போட்டுக்கறேன்.”

“உங்க பயணம் கெட்டுப் போகுமே?”

“நான் போற ஊரு எங்க ஓடிடப் போகுது? பானெட் தொறந்து கெடக்குறப்ப விட்டுட்டுப் போக முடியுமா?”

கிளெம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் இந்த அம்மாள் காறித் துப்பிவிட்டு எழுந்து போய்விடுவார். மறுபடி எத்தனை நாள் ஊமையாகக் கிடப்பதோ. சொல்லாமல் விட்டால், இப்படிப்பட்ட ஒரு மனுஷியை ஏமாற்றிய பாவம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மன்னிச்சிடுங்க நோலீன். வண்டிக்கு ஒண்ணுமே இல்ல. பேச யாராவது கெடைப்பாங்கன்னுதான் பானெட்டைத் தொறந்து வெப்பேன். இப்ப ஏன் கெளம்பலைன்னு சத்தியமா எனக்குத் தெரியல.”

நோலீன் நிதானமாக ஒரு வாய் டீ உறிஞ்சினார்.

“தெரியும்ப்பா. பச்சைக் கோடு போட்ட கேரவன்காரர் பானெட்டைத் தொறந்தா டீ தயார்னு அர்த்தமாம். பெட்ரோல் போட்ட எடத்துலயே சொன்னாங்க. ஒரு மணி நேரத்துல வண்டியைக் கெளப்பி எல்லாரையும் அனுப்பிடுவீங்கன்னும் சொன்னாங்க.”

கிளெமின் முகம் காது வரைக்கும் சிவந்துபோனது.

“அப்போ... இப்ப எப்படி நின்னுச்சு?”

நோலீன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபியூஸை எடுத்து, கேக் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“எனக்கும் பேச ஆள் வேணாமா?”