மேஸ்திரி பார்த்த வீடு

மேஸ்திரி படுக்கையறைக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தாள். முகத்தில் திருப்தி இல்லை.

“உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா வெளியிலேருந்து திறக்க முடியுமா?”

“நான் லிப்ட் மெக்கானிக்மா. ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட லிப்டையே திறக்கிறவன், இதைத் திறக்க மாட்டேனா?” என்றான் வீட்டுக்காரன்.

மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்கு வயது ஏழு, முன்பல் இரண்டு விழுந்திருந்தன. எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டாள் என்பதால் குழந்தைகள் இல்லத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது.

தத்துக் கொடுப்பதற்கு முன் ஒருநாள் வீட்டைப் பார்க்கட்டும் என்று இல்லத் தலைவியே அவளை அழைத்து வந்திருந்தார். “பிடிச்சிருக்குன்னு அவ வாயால சொல்லணும். அப்பதான் அனுப்புவேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். இப்போது கூடத்தில் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

குழந்தையின் அம்மா இரண்டு வருஷத்துக்கு முன் உடம்பு சரியில்லாமல் இறந்துபோனாள் என்று மட்டும் கோப்பில் இருந்தது. வீட்டுக்காரனும் அவன் மனைவியும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் தங்களையும் யாராவது துருவிக் கேட்பார்களோ என்று பயம்.

வீட்டுக்காரி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஆறு வருஷத்துக்கு முன் பிரசவத்தில் குழந்தை போன பிறகு மூன்று மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. மனநல மருத்துவரின் மாத்திரையும் அவர் பொறுமையாகப் பேசிய பேச்சும்தான் அவளை மீட்டன. மாத்திரை இன்றும் தொடர்ந்தது. அதனால் கை லேசாக நடுங்கும், அவ்வளவுதான். எழுந்த பிறகு வேலைக்கு ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை.

ஆனால் அண்ணி ஒருமுறை சொன்னது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. “அவளைப் பார்த்துக்கவே ஒரு ஆள் வேணும். அவ எங்க பிள்ளை வளர்க்கப் போறா?”

“படிவத்துல உண்மையை எழுதிடலாங்க. டாக்டரே கடிதம் தர்றேன்னு சொல்றார்” என்று அவள் கணவனிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

“எழுதினா நம்ம பேரையே அடிச்சிடுவாங்க. நீ சும்மா இரு” என்று சொல்லி, தத்துப் படிவத்தில் ‘மனநல சிகிச்சை உண்டா’ என்ற கேள்விக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதியவன் அவன்தான்.

கதவு சோதனையை முடித்துக்கொண்டு மேஸ்திரி சமையலறைக்கு வந்தாள். வீட்டுக்காரி டம்ளரில் பாலை ஊற்றினாள். பதற்றத்தில் நடுக்கம் கூடி, பால் மேடையில் சிந்தியது. யாரும் சொல்லாமலே மேஸ்திரி துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“கை நடுங்குதே, மாத்திரை சாப்பிடுறீங்களா?”

சமையலறை வாசலில் நின்ற கணவன், வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான்.

“சேச்சே, மாத்திரையா? எனக்கு ஒண்ணுமில்லடா கண்ணு. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

மேஸ்திரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாலை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் எதையும் தட்டிப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது மட்டும் வீட்டுக்காரியின் ஆட்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பஸ் வந்து நின்ற பிறகும் விடவில்லை. இல்லத் தலைவிதான் மெதுவாகப் பிரித்து எடுத்தார்.

“பிடிச்சுப்போச்சு, பார்த்தியா?” என்றான் கணவன். அன்று சாயங்காலமே சின்னக் கட்டில் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தான்.

மூன்றாம் நாள் இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. இருவரும் போய் உட்கார்ந்தார்கள்.

“மன்னிச்சுக்குங்க. அவ வரலைன்னு சொல்லிட்டா” என்றார் தலைவி.

கணவன் நாற்காலி நுனிக்கு வந்தான். “வீடு பிடிக்கலையாமா?”

“வீடும் பிடிச்சிருக்கு, உங்களையும் பிடிச்சிருக்கு. நேத்தெல்லாம் சோறு இறங்கலை அவளுக்கு, ஒரே அழுகை. ஆனா வரமாட்டேங்கிறா.”

வீட்டுக்காரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “என்னைப் பத்தித் தெரிஞ்சுபோச்சாங்க?”

கணவன் அவள் கையை அழுத்தினான். அவள் உதறினாள். “ஆறு வருஷமா மனசுக்கு மாத்திரை சாப்பிடுறேன். படிவத்துல இல்லைன்னு எழுதிட்டோம். பயந்துட்டோம்.”

தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “டாக்டர் கடிதம் ஒண்ணு குடுத்திருந்தாப் போதுமே. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு நல்லா இருக்கிற நாலு அம்மாங்க வீட்டுக்கு நான் பிள்ளைங்களை அனுப்பியிருக்கேன்.”

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே பிள்ளைகள் வரிசையில் கைகழுவும் சத்தம் கேட்டது. அதில் அவளுடைய குரலும் இருக்குமோ என்று இருவரும் ஒருகணம் காது கொடுத்தார்கள்.

“அப்ப குழந்தைதான் பயந்துட்டாளா? நடுக்கத்தைப் பார்த்து, நோயாளின்னு நினைச்சுட்டாளா?” என்றாள் வீட்டுக்காரி.

“நானும் அப்படித்தான் நினைச்சுக் கேட்டேன். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா” என்றார் தலைவி. சொல்ல மனம் வராதவர்போல் நிறுத்தி, பிறகு சொன்னார்.

“‘எங்கம்மாவும் கடைசிவரைக்கும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க.’”